உயிரோடு இருந்தவரின் நாய்

உயிரோடு இருந்த ஒரு மனிதரைச் செத்துவிட்டார் என்று சொன்னவன் நான். அலுவலகத்தில், பகல் பதினொரு மணிக்கு, டீ குடித்துக்கொண்டே சொன்னேன். அதனால் அவருடைய நாய் அவர் கையைவிட்டுப் போனது. பிறகு அவரே என் முன்னால் வந்து நின்றபோது, உங்களைப் பார்த்ததே இல்லை என்றேன். இரண்டுக்கும் சேர்த்து எனக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள்.

இதை எழுத வைத்தவர்கள் நம் புகைப்படக்காரர் சங்கத்துத் தம்பிகள். ஆண்டு மலருக்காக, நாயைக் கறுப்பு வெள்ளையில் பின்னணி மங்கலாக எடுப்பது எப்படி என்று இரண்டு பக்கம் கேட்டார்கள். சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் தினமும் பத்து நாய்கள் வருகின்றன. போனில் ஒரு பொத்தானை அழுத்தினால் பின்னணி தானாகக் கரைந்துவிடுகிறது. சில சமயம் நாயின் ஒரு காதும் சேர்ந்து கரைகிறது. காதைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை. வரிசையாகக் கை தட்டுகிறார்கள். போன மாதம் ஒருவர் என் பழைய படத்தை எங்கிருந்தோ பிடித்துப் போட்டு, ஐயா அந்தக் காலத்திலேயே இப்படி எடுத்திருக்கிறார் என்று புகழ்ந்திருந்தார். அந்தப் படத்தைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். எடுக்கும் முறையும் நடுவில் வரும். வேண்டியவர்கள் அதை மட்டும் பிரித்து எடுத்துக்கொள்ளலாம்.

நான் வேதியியல் பட்டதாரி. வாத்தியார் வேலைக்குக் காத்திருந்த இடைவெளியில், கோயமுத்தூரில் ஒரு நாளிதழின் டார்க் ரூமில் மருந்து கலக்கப் போனேன். வாத்தியார் வேலைக்கு உத்தரவு வந்தபோது என் நகங்கள் பழுப்பாகியிருந்தன, போகப் பிடிக்கவில்லை. மூன்று வருடம் மருந்து, இரண்டு வருடம் அடுத்தவர் எடுத்த பிலிமைக் கழுவுவது, பிறகு கழுத்தில் கேமரா. பயிற்சிக் காலம் அவ்வளவுதான். ஓய்வு பெறும்வரை அந்த அலுவலகத்தை விட்டு நகரவில்லை.

படப்பிரிவின் தலைவர் வேலுச்சாமி அண்ணன். எவ்வளவு கோபம் வந்தாலும் அவர் பேச்சில் மரியாதை குறையாது. கோபம் கூடக்கூட 'ங்க' கூடும். ஒருமுறை கல்யாணப் படத்தில் மாப்பிள்ளையின் தலையை வெட்டி எடுத்துவிட்டேன். "ஏனுங்க தம்பி, மாப்பிள்ளைக்குத் தலை வேண்டாமுன்னு பொண்ணு வீட்டுல சொல்லிப்போட்டாங்களாங்க?" என்றார். பிரிண்டைக் கையில் வாங்கியதும் கட்டை விரலால் ஒவ்வொரு மூலையாக மறைத்துப் பார்ப்பார். விரல் வைத்த இடம் இல்லாமலே படம் நிற்கும் என்று தோன்றினால் அந்த இடத்தை வெட்டச் சொல்வார்.

அவரிடம் ஒரு விதி இருந்தது. எந்தப் படமும் பின்பக்கத்தில் பென்சிலால் மூன்று விவரம் எழுதாமல் மேலே போகக் கூடாது: பேர், ஊர், என்ன செய்கிறார். மாட்டுச் சந்தைப் படமாக இருந்தாலும் மாடு யாருடையது என்று வேண்டும். பொள்ளாச்சிச் சந்தையில் ஒருமுறை காங்கேயம் காளை ஒன்றை எடுத்துவிட்டு, விற்க வந்தவரின் பெயரைக் கேட்க மறந்து வந்தேன். அடுத்த பஸ்ஸிலேயே திருப்பி அனுப்பினார். நான் போவதற்குள் காளை விற்று, விற்றவர் ஊருக்குப் போய், சந்தையில் சாணம் மட்டும் இருந்தது. படம் வரவில்லை.

பின்னணியைக் கரைக்கிற எண்பத்தைந்து மில்லிமீட்டர் லென்ஸ் அலுவலகத்துக்கு ஒன்றே ஒன்று இருந்தது. அதை அண்ணன் பீரோவில் பூட்டி வைத்திருப்பார். கையெழுத்துப் போட்டுத்தான் வாங்க வேண்டும். ஒரு ஆடி அமாவாசைக்குக் காவிரியோரக் கொடுமுடிப் படித்துறைக் கூட்டத்தை எடுக்கப் போனபோது அதையும் வாங்கிப் போனேன். கூட்டத்துக்கு அது தேவையில்லை. என் மனதில் வேறு கணக்கு இருந்தது: மாநிலப் போட்டிக்கு ஒரு படம்.

விடிந்து அரை மணி நேரம் இருக்கும். வெயில் படிக்கு இறங்கவில்லை. முன்னோருக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்க வந்தவர்கள் அடுத்த துறையில் முட்டிக்கொண்டிருந்தார்கள். நான் நின்ற ஓரத்தில் ஒரு செவலை நாய் மட்டும் உட்கார்ந்து ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தது. இடுப்பளவு தண்ணீரில் ஒருவர், குளித்தவர்கள் ஆற்றில் விட்ட வேட்டி துண்டுகளைச் சேர்த்துக்கொண்டும் மூழ்கிக் காசு துழாவிக்கொண்டும் இருந்தார். நாய் எழ முயன்றபோது தண்ணீரிலிருந்தே, "பேட்டரி, அங்கயே குக்கு" என்றார். எங்கள் பக்கம் குக்கு என்றால் உட்கார்; நாய் குக்கியது. டார்ச் லைட்டுக்கு எங்கள் பக்கம் பேட்டரி என்று பெயர். கண் மின்னுவதால் வைத்த பேராம். அதையும் அவரே சொன்னார். "போட்டோங்களா? எடுங்க, நகராது. பேப்பர்ல வருமுங்களா?" என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை வரும் என்றேன். இத்தனை பேசினோம். பெயர் கேட்கவில்லை.

தம்பிகளுக்கான பாடம் இங்கே வருகிறது. நாய்க்கு மூக்கு நீளம்; மனிதனுக்கும் நாய்க்கும் புகைப்படக்காரன் பார்க்கிற முதல் வித்தியாசம் அதுதான். லென்ஸை முழுக்கத் திறந்து, ஐந்தடி தூரத்தில் நின்றால், தெளிவு விழுவது ஒரு அங்குலத்துக்குச் சற்று மேல். மூக்கில் ஃபோகஸ் வைத்தால் கண் போய்விடும். அதனால் நேருக்கு நேர் எடுக்காதீர்கள், பக்கவாட்டில் வாருங்கள், உங்கள் பக்கத்துக் கண்ணைப் பிடியுங்கள். நாயின் உயரத்துக்கு இறங்குங்கள். நான் ஈரப்படியில் வயிறு படப் படுத்தேன். நூறு ஏ.எஸ்.ஏ. பிலிம், இருநூற்றைம்பதில் ஒரு பங்கு வினாடி. நாய் மூச்சு விடும்போது தலை அசையும். விட்டு முடித்த கணத்தில் அழுத்த வேண்டும். எட்டுப் படம் எடுத்தேன். ஆறாவதில் கண் விழுந்தது.

அந்தக் கண்ணைப் பற்றி என்ன சொல்ல? தண்ணீரில் மூழ்கிய தன் ஆள் இன்னும் மேலே வரவில்லையே என்கிற கண். அவர் ஒவ்வொரு முறை முங்கும்போதும் அது அப்படித்தான் பார்த்தது. ஒவ்வொரு முறையும் அவர் மேலே வந்தார், மூக்கைச் சிந்தினார்.

படத்தில் அவரும் இருந்தார். இடப்பக்க மூலையில், ஐம்பது அடிக்கு அப்பால், உருகிய மெழுகு மாதிரி ஒரு வெளிர்ந்த கறையாக. பிரிண்ட் போடும்போது அந்தக் கறை கண்ணை இழுத்தது. ஓட்டை போட்ட அட்டையைப் பிடித்து, அந்த மூலைக்கு மட்டும் கூடுதலாக இருபது வினாடி வெளிச்சம் காட்டினேன். காகிதத்தில் அந்த இடம் கறுக்கும், எரிப்பது என்போம். ஆறு இருண்டது, ஆள் இருட்டோடு இருட்டானார். நாயும் அதன் கண்ணும் மட்டும் நின்றன. இதுவரை நான் செய்தது வேலை. தப்பு அடுத்த பத்து நிமிடத்தில் நடந்தது.

ஞாயிறு மலர் பன்னிரண்டு மணிக்கு மூடும். பதினொன்றுக்கு அண்ணன் மேஜையில் பிரிண்டை வைத்தேன். கட்டை விரல் எல்லா மூலைக்கும் போய்விட்டுத் திரும்பியது. திருப்பிப் போட்டுப் பென்சிலை எடுத்தார்.

"நாய்க்காரரு பேரு?"

கேட்கவில்லை என்றால் அடுத்த பஸ். போக வர ஆறு மணி நேரம். மலர் போகும், அடுத்த வாரம் ஆடிப்பெருக்கும் அரசியலும் வரும், போட்டிக்கு அனுப்ப வேண்டுமென்றால் பத்திரிகையில் வந்திருக்க வேண்டும்.

"செத்துப் போயிட்டாருங்கண்ணா. அதுதான் அது அங்கயே உட்கார்ந்திருக்குது."

பென்சில் நின்றது. அண்ணன் படத்தைத் திருப்பி, இந்த முறை விரல் வைக்காமல் பார்த்தார். "செத்தவருக்கும் பேரு இருக்குமுங்களே" என்றார், குரல் இறங்கி. அநாதை, யாருக்கும் தெரியவில்லை என்றேன். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக அவர் விதியைத் தளர்த்தி எழுதினார்: நாய், கொடுமுடி, உரிமையாளர் காலமானார்.

நான் கொடுத்தது ஒரு சாவு மட்டும்தான். மலரைக் கவனித்த உதவி ஆசிரியர் கவிதை எழுதுகிறவர். ஞாயிற்றுக்கிழமை மலரைப் பார்த்தால் அவர் எழுத்தில் நாய் பதினோரு நாளாகப் பட்டினி கிடந்தது.

மூன்றாவது வாரம் வாசல் மேஜையிலிருந்து ஒரு சீட்டு வந்தது. பெயர்: நாச்சிமுத்து. ஊர்: கொடுமுடி. சந்திக்கும் காரணம்: நான் சாகவில்லை.

கீழே போனேன். சலவை வேட்டி, கையில் எட்டாக மடித்த எங்கள் ஞாயிறு மலர். என்னைக் கண்டதும் அவர் முகம் தெளிந்தது. தெரிந்த ஆளைப் பார்த்துவிட்ட நிம்மதி. நடந்ததையெல்லாம் நின்றபடியே சொன்னார். மலர் வந்த நாளிலிருந்து படித்துறைக்கு ஆட்கள் வந்தார்களாம். கரூரிலிருந்து வந்த ஒருவர் நாயைக் கட்டிக்கொண்டு அழுதாராம். இவர், அழாதீங்க, அந்த ஆள் நான்தான் என்றதற்கு, செத்தவன் நாய்க்கு ஆசைப்படுகிறாயே, வெட்கமில்லையா என்று திட்டினாராம். டீக்கடைக்காரர் நாய்க்குப் போடும் பன்னை வியாபாரமாக்கி, வருகிறவர்களுக்கெல்லாம் பேப்பரில் வந்த கதையையே சொன்னாராம். இவர் தாராபுரத்தில் மகள் வீட்டுக்குப் போயிருந்த இரண்டு நாளில், கோயமுத்தூரிலிருந்து ஒரு மில்காரர் வீட்டம்மா காரில் வந்து, ஆளில்லாத நாய் என்று கேட்டு உறுதி செய்துகொண்டு, ஏற்றிப் போய்விட்டார். இவர் விசாரித்து பங்களா வரைக்கும் போயிருக்கிறார். காவலாளி பேப்பரைக் காட்டியிருக்கிறார்.

"படத்துல நானும் இருக்கறனுங்க, ஆனா தெரியலீங்க. ஒரு சீட்டுல, இந்த ஆளு உசுரோட இருக்கறான், நாயி இவன்றதுதான்னு நாலு எழுத்து எழுதிக் குடுங்க. போதுமுங்க. வேற ஒண்ணும் வேண்டாமுங்க."

மாடிப்படியில் வேலுச்சாமி அண்ணன் இறங்கி வந்துகொண்டிருந்தார். போட்டிக்குப் படம் போன வாரம்தான் போயிருந்தது.

"உங்களை நான் பார்த்ததே இல்லைங்களே" என்றேன். "அது வேற நாய்க்காரருங்க."

அவர் என்னைப் பார்த்தார். கோபமாக இருக்கும் என்று நினைப்பீர்கள். இல்லை. அவர்தான் ஏதோ தப்புச் செய்தவர் போலக் கூசிப்போனார். மலரை மறுபடி எட்டாக மடித்தார். "சரிங்க. அப்ப நான் வாரனுங்க" என்று போய்விட்டார்.

அடுத்த நாள் மில்காரர் வீட்டிலிருந்து, நாய்க்காரர் செத்தது நிஜம்தானா என்று போன் செய்து கேட்டார்கள். அதே பொய்யை இன்னும் தெளிவாகச் சொன்னேன். ஒத்திகை பார்த்திருந்தேன் அல்லவா.

நாச்சிமுத்து வந்து போனது அண்ணன் காதிலும் விழுந்திருந்தது. போன் வந்த அன்று சாயந்தரம் என்னிடம் நெகட்டிவ் கேட்டார். விளக்குப் பெட்டியில் வைத்து, பூதக்கண்ணாடியால் இடப்பக்க மூலையை வெகுநேரம் பார்த்தார்.

"இங்க எத்தனை செகண்டு எரிச்சீங்க தம்பி?"

"இருபதுங்கண்ணா."

"இருபது செகண்டுல ஒரு ஆளைக் காலி பண்ணிப்போட்டீங்களேங்க." நெகட்டிவை உறையில் போட்டு என் கையில் வைத்தார். "நான் உங்களைக் காட்டிக் குடுக்க மாட்டனுங்க. நீங்களே போய்ச் சொல்லிப்போடுங்க."

நான் போகவில்லை. கேடயம் வந்தது. ஓர் அமைச்சர் கொடுத்தார். நாய்க்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று மேடையில் கண்கலங்கினார். வீட்டில் கேடயத்தைக் காற்றுக்குக் கதவு அடிக்காமல் முட்டுக் கொடுக்க வைத்திருந்தோம். அந்த ஏற்பாடு என் மனைவியுடையது. அவளுக்கு உண்மை தெரிந்திருந்தது.

பத்து மாதம் கழித்து மில்காரர் வீட்டு சுலோச்சனா அம்மா அழைத்தார். நாயை அதே மாதிரி, கறுப்பு வெள்ளையில், பின்னால் மங்கலாக ஒரு படம் எடுத்துத் தர வேண்டும். எடுத்தவரே வர வேண்டும். மறுக்கக் காரணம் கிடைக்காமல் போனேன்.

அதன் பெயர் இப்போது பிரின்ஸ். ஸ்வெட்டர் போட்டிருந்தது. சதை போட்டு, முகம் எங்கள் நிர்வாக மேலாளர் மாதிரி ஆகியிருந்தது. தோட்டத்தில் படுத்து, கண்ணில் ஃபோகஸ் வைத்தேன். எல்லாம் தெளிவாக விழுந்தது. கண்ணில் ஒன்றும் இல்லை. சமையல்காரம்மா தட்டைத் தட்டினார், தோட்டக்காரர் சீட்டியடித்தார். பிரின்ஸ் கொட்டாவி விட்டது. ஒன்றரை மணி நேரம் ஆனது. தொழில்காரனின் எரிச்சல் ஒன்று உண்டு, அதற்கு மனசாட்சி கிடையாது. அந்த எரிச்சலில், அவர் குரல் மாதிரியே, "பேட்டரி, அங்கயே குக்கு" என்றேன்.

நாய் விறைத்தது. உட்கார்ந்தது. என்னைப் பார்க்கவில்லை, வெளிக் கதவைப் பார்த்தது. தொண்டைக்குள் ஒரு சத்தம். வியூஃபைண்டருக்குள் அந்தக் கண் திரும்ப வந்திருந்தது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், முதலில் படத்தை எடுத்தேன். பழக்கம். பிறகுதான் கேமராவைக் கீழே வைத்துவிட்டு, அந்த அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பெயர் கேட்காதது, பதினொரு மணி, இருபது வினாடி, சீட்டு, போன்.

அவர் வெகுநேரம் நாயின் முதுகிலிருந்து கையை எடுக்கவில்லை. "போன்ல நானேதானுங்க கேட்டேன்" என்றார். "அத்தனை தெளிவாச் சொன்னீங்க. பத்து மாசமா என் கட்டில்லதான் படுக்குது இது." பிறகு, "அவரைக் கூட்டிட்டு வாங்க. நான் ஒண்ணும் சொல்லலை, நாயே சொல்லட்டும்."

மறுநாளே நண்பர் ஒருவரின் காரை இரவல் வாங்கிக்கொண்டு கொடுமுடி போனேன். நாச்சிமுத்து தண்ணீரில் இருந்தார். கரையில் நின்று சொன்னேன். அவர் ஒரு முறை முங்கினார். வழக்கத்தைவிட நேரம் எடுத்தார். மேலே வந்து தலை துவட்டி, சட்டை போட்டுக்கொண்டு, காரின் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

பங்களாவுக்குள் வர மாட்டேன் என்று வெளிக் கதவருகிலேயே நின்றுகொண்டார். கூப்பிடவும் இல்லை. தொண்டையைச் செருமினார், அவ்வளவுதான். தோட்டத்தின் மறுகோடியிலிருந்து அந்தத் தடித்த உடம்பு ஓடிவந்த வேகத்தில் இரண்டு பூந்தொட்டி போயிற்று. அவர் மேல் ஏறி விழுந்து, அவரைத் தள்ளி, சிறுநீர் விட்டு, ஸ்வெட்டரோடு மண்ணில் புரண்டது. கேமரா காரில் இருந்தது. நான் எடுக்கப் போகவில்லை. இதையாவது எனக்குச் சாதகமாக எழுதிக்கொள்கிறேன்.

சுலோச்சனா அம்மா வந்து நின்றார். நாச்சிமுத்து எழுந்து கும்பிட்டார். ஸ்வெட்டரைக் கழற்றி, மண்ணைத் தட்டி, மடித்துக் கொடுத்தார். "ஆத்தோரத்துல இது தாங்காதுங்க அம்மணி. புள்ளையாட்ட வெச்சிருந்திருக்கீங்க. எப்ப வேணா வந்து பாருங்க" என்றார். அந்த அம்மா அழுதுவிட்டார். பிறகு ஒவ்வொரு ஆடியிலும் போய்ப் பார்த்து வந்தார் என்று கேள்விப்பட்டேன்.

திரும்பும் வழியில் நாய் மட்டும் என் கழுத்தின் பின்புறத்தை இரண்டு முறை நக்கியது. படித்துறைத் தெருவில் இறங்கியதும் நான் மன்னிப்புக் கேட்டேன். தயாரித்து வைத்திருந்த பேச்சு, நீளமானது. அவர் முழுக்கக் கேட்டார்.

"ஆபீசுல என்னைப் பார்த்ததே இல்லீன்னு சொன்னீங்க" என்றார். "அப்படியே வெச்சுக்கலாமுங்க. எனக்கும் உங்களைத் தெரியாதுங்க."

மற்றவை சின்ன விஷயங்கள். திருத்தம் வெளியிட்டோம். நான் பத்து வரி எழுதிக் கொடுத்தேன். தங்கம் வெள்ளி நிலவரத்துக்குக் கீழே, உரிமையாளர் நலமாக உள்ளார் என்று ஒரு வரி வந்தது. கேடயத்தைத் திருப்பி அனுப்பினேன். பரிசு படத்துக்குத்தான், விவரக் குறிப்புக்கு அல்ல என்று கடிதத்தோடு அது திரும்பி வந்தது. டீக்கடைக்காரர் மலரிலிருந்து படத்தை வெட்டிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார். நாயும் ஆளும் எதிர்ப்படியில் உட்கார்ந்திருக்கும்போதே, வருகிறவர்களுக்கு அந்தப் பட்டினிக் கதையைச் சொல்லி பன் விற்றார்.

நான் வேலையில் இருந்தவரை வருடத்துக்கு ஒரு முறையாவது கொடுமுடிக்குப் போக வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் நாச்சிமுத்து, புதிதாக வருகிற எவரிடமும் கேட்கிற அதே மரியாதையோடு என்னிடமும் கேட்பார்: "ஏனுங்க, எந்த ஊருங்க? யாருக்குங்க காரியம்?" குரலில் குத்தல் இருக்காது. குத்தல் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கோயமுத்தூருங்க, பத்திரிகைங்க என்பேன். அப்படீங்களா என்பார். நாய்க்கு மட்டும் அந்த ஏற்பாடு தெரியாது. வாலாட்டிக்கொண்டு வந்து என் கால்சட்டையை முகரும். "பேட்டரி, ஆருன்னு தெரியாதவங்க மேல ஏறாத" என்று கூப்பிட்டுக்கொள்வார். அது அவர் பேச்சைக் கேட்டு இறங்கும், மறுபடி வரும். ஏழெட்டு வருடம் இருந்தது. ஒரு ஆடியில் போனபோது அவர் தனியாக உட்கார்ந்திருந்தார். நான் கேட்கவில்லை. தெரியாதவன் எப்படிக் கேட்பது?

போன வருடம் என் மனைவியின் அஸ்தியை எடுத்துக்கொண்டு மகனோடு போனேன். நாச்சிமுத்து இப்போது தண்ணீரில் இறங்குவதில்லை. பார்வையும் குறைந்துவிட்டது போலிருக்கிறது. படியில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கு ஆழமில்லாத இடத்தைக் கைகாட்டிக்கொண்டிருந்தார். என் கையிலிருந்த கலயத்தைப் பார்த்து எழுந்து நின்றார். பிறகு என் முகத்தைக் கிட்டத்தில் வந்து பார்த்தார். இந்த முறை வேறு ஏதாவது சொல்வார் என்று நான் நின்றேன்.

"எந்த ஊருங்க?" என்றார்.

"கோயமுத்தூருங்க."

"படி வழுக்குமுங்க. என் தோளைப் புடிச்சுக்குங்க." பிடித்துக்கொண்டேன். மூன்று படி இறங்கினோம். "இதுக்கு முன்னால இங்க வந்திருக்கீங்களா?"

மகன் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"இல்லைங்க," என்றேன். "இதுதானுங்க முதல் தடவை."